உட்காரக் கிடைத்த வேலை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பி.காம். படித்தவன். இரண்டு வருடமாகக் கோயம்புத்தூரில் ஒரு கலெக்‌ஷன் ஆபீஸில் டெலிகாலராக இருக்கிறேன். செல்போன் லோன், பர்சனல் லோன் தவணை தவறியவர்களைக் கூப்பிட்டுக் கேட்கும் வேலை. நம்பரை டயலரே போட்டுக் கொடுத்துவிடும். இன்ன தேதியில் கட்டுகிறேன் என்று அவர்கள் வாயால் சொல்ல வைத்துவிட்டால் அது ஒரு ‘பி.டி.பி.’ (பிராமிஸ் டு பே). தினமும் இத்தனை பி.டி.பி. என்று டார்கெட் உண்டு. ஆள் எடுக்காவிட்டால், கடன் வாங்கும்போது கொடுத்த ரெஃபரன்ஸ் நம்பர்களுக்குப் போடச் சொல்வார்கள். போன வாரம் ஒரு பாட்டி எடுத்தார். கடன் பேரனுடையது. “எட்டாந்தேதி எப்படியாச்சும் தந்திருதேன் சாமி, பிள்ளைய ஒண்ணும் செஞ்சிராதீங்க” என்றார். பி.டி.பி. போட்டுவிட்டு அடுத்த காலுக்குப் போனேன்.

எனக்கு எழுத ஆசை. நீங்கள் சின்ன வயதில் ஜவுளிக்கடையில் நின்றதாக எங்கோ சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்ததிலேயே மோசமான வேலை அதுதானா? இந்த மாதிரி அனுபவமெல்லாம் எழுதுகிறவனுக்குப் பின்னால் உதவும் என்கிறார்கள். அதை நம்பி இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறீர்கள் என்பதால் பெயரை முதலெழுத்தோடு நிறுத்திவிட்டேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். உதவாது. கஷ்டப்பட்டால்தான் எழுத்து வரும் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள். ஜவுளிக்கடையில் இருந்த பதினொரு மாதத்தில் நான் ஒரு வரி எழுதவில்லை. வாரப் பத்திரிகையைக்கூடப் புரட்டவில்லை. கால் வலிக்கிறபோது மனசு காலில்தான் கிடக்கும். அனுபவம் சேருகிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் கையில் இருந்த மீட்டர் ஸ்கேலாலேயே அடித்திருப்பேன்.

அது 1997. எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களுக்கு ஆள் வந்து, வீட்டில் பேசி, பத்துப் பதினைந்து பெண்களாகச் சேர்த்துச் சென்னைக்குக் கூட்டிப்போவார்கள். மாதம் 900 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாடு, தங்க இடம். இடம் என்றால் கடையின் மேல்மாடி, ஆளுக்கு ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. பட்டுப் பிரிவுக்கு அனுபவம் உள்ளவர்கள்தான் போக முடியும். புதுசாக வந்த எங்களைப் பூனம் சேலைப் பக்கம் விட்டார்கள்.

கூட்டம் இருந்தால் வேலை தெரியாது. பிரித்துக் காட்டுவோம், முந்தியைத் தோளில் போட்டுக் காட்டுவோம், அறுபது சேலையைக் கலைத்துவிட்டு “பக்கத்துக் கடைல பாத்துட்டு வாறோம்” என்று அவர்கள் போனதும் மறுபடி மடிப்போம். கொடுமை ஆளில்லாத நேரம்தான். காலை பதினொன்றிலிருந்து பகல் மூன்று வரை ஈ, காக்கை இருக்காது. அப்போதும் நிற்க வேண்டும். ரேக்கில் சாயக் கூடாது. ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. ஃப்ளோர் சூப்பர்வைசர் கண்ணில் பட்டால் சம்பளத்தில் ஐந்து ரூபாய் போகும்.

நடக்கிறவளுக்கு இந்த வலி வராது என்று பிறகு ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும்போதுதான் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறுகிறது. அசையாமல் நின்றால் அது காலிலேயே தேங்கும். நாளாக ஆக நரம்பு புடைத்துச் சுருட்டிக்கொள்ளும். என் இடது காலில் அந்த ஊதா முடிச்சுகள் இன்றைக்கும் இருக்கின்றன. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. சேலை கீழே விழுந்தால் எடுக்கக் குந்தலாம். பாதிச் சேலை நாங்களே தள்ளிவிட்டவை. தண்ணீரும் குடிப்பதில்லை. குடித்தால் பாத்ரூமுக்கு அனுமதி கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு சட்டம் இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளின் பெண்களுக்குத் தோன்றியிருக்கிறது. முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் நாற்காலி கேட்டார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. நம் சட்டசபை 2021 செப்டம்பரில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது: வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்கார இருக்கை இருக்க வேண்டும். பிரிட்டனில் இதை 1899-லேயே எழுதிவிட்டார்கள், மூன்று பெண்களுக்கு ஒரு நாற்காலி என்ற கணக்கில். (மற்ற இரண்டு பேரும் அந்த ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்போல.) போன தீபாவளிக்கு ஒரு கடையில் பார்த்தேன். ஸ்டூல் இருந்தது. அதன்மேல் சேலைக் கவர்களை அடுக்கியிருந்தார்கள்.

ஆனால் நீங்கள் கேட்டது மோசமான வேலை எது என்று. ஊருக்கே பொதுவாகக் கேட்டால், மலக்குழியில் ஆள் இறங்குவதை 2013-லேயே சட்டம் தடுத்தும் இன்னும் இறங்கிச் சாகிற நாட்டில் நீங்களும் நானும் வாய் திறக்கக் கூடாது. நான் பார்த்ததில் எது என்றால், நின்ற வேலை இல்லை. அதே கடையில் எனக்கு உட்காரக் கிடைத்த வேலை.

ஒன்பது மாதம் ஆனபோது என்னைச் ‘செக்கிங்’கில் போட்டார்கள். இரவு கடை சாத்தியதும் பெண்கள் வரிசையாக மேலே போவார்கள். படிக்கட்டு முனையில் ஒவ்வொருத்தியையும் தடவிப் பார்த்து, பையைத் திறந்து பார்த்து அனுப்ப வேண்டும். மாதம் 150 ரூபாய் கூட. அதோடு ஒரு மர ஸ்டூல். பகலிலும் அந்த மூலையில் உட்கார்ந்துகொள்ளலாம். 150 ரூபாயைவிட அந்த ஸ்டூலுக்குத்தான் சரி என்றேன். முதல் நாள் உட்கார்ந்தபோது அழுகை வந்தது, அவ்வளவு சுகம்.

நாங்குநேரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எனக்கு அடுத்த பாயில் படுப்பாள். ராத்திரி என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து எண்ணெய் போட்டு நீவிவிடுவாள். ஒருநாள் அவள் பைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுருட்டிய துணி இருந்தது. கடைத் துணி இல்லை. என்ன துணி என்று எனக்குத் தெரியும், அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பின்னால் சூப்பர்வைசர் நின்றார். எதையும் பிரிக்காமல் அனுப்பக் கூடாது என்பது விதி. நான் பிரித்தேன். வரிசையில் முப்பது பெண்கள்.

அவள் என்னைத் திட்டவில்லை. மறுநாள் சாப்பாட்டுத் தட்டைக்கூட எடுத்து வைத்தாள். பாயை மட்டும் ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். இரண்டு மாதத்தில் நான் ஊருக்கு வந்துவிட்டேன். வீட்டில் கால் வலி என்று சொன்னேன், இத்தனை வருடமும் எல்லோரிடமும் அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன். ஸ்டூலைப் பற்றி இன்றுதான் எழுதுகிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் எழுத முடியாமல் இருந்ததை எப்படித் தம்பி உதவிய அனுபவம் என்பது?

அதனால் எழுத்துக்காக என்றால் அங்கே ஒரு நாள்கூட அதிகம் இருக்காதீர்கள். சம்பளத்துக்காக என்றால் அது வேறு கணக்கு, உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. வேறு இடம் பார்த்துக்கொண்டே இருங்கள். அதுவரை ஒன்று செய்யலாம். தவணை தவறியவரைக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, அவருடைய வீட்டாரையும் ரெஃபரன்ஸ் கொடுத்தவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை ஒரு பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ரெஃபரன்ஸ் நம்பருக்குப் போடச் சொன்னால் எடுத்துக் காட்டலாம். எனக்கு அப்படிக் காட்ட ஒரு தாளும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் காட்டியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

உங்கள் கடிதம் எனக்குப் பத்தாம் தேதி வந்தது. எட்டாம் தேதி அந்தப் பாட்டிக்கு யார் போன் போட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

அன்புடன்,
அக்கா