உப்பு மூட்டைக் கணக்கு: வாசகர் கேள்விகள்

"இயற்கை வாழ்க்கைக்கு மாறியவர்கள் எல்லாருமே 'உடம்புக்கு முடியாமல் போனது, அதனால் மாறினேன்' என்கிறார்கள். நீங்கள் சாணத்தைப் பற்றியும் புல்லைப் பற்றியும் மாதாமாதம் எழுதுகிறீர்கள். ஏன் மாறினீர்கள் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உங்களுக்கு என்ன நோய்?"
- ஒரு வாசகி, மதுரை

நோய் ஒன்றும் இல்லைங்க. சர்க்கரை கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கிறது, அதுவும் மாறிய பிறகு வந்ததுதான். என் காரணம் ஒரு கணக்கு நோட்டு. சொல்லக் கூச்சமாக இருந்ததால் இத்தனை நாள் சொல்லவில்லை.

பி.காம். முடித்து நாலு இடம் சுற்றிவிட்டு, 1996 கடைசியில் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன போகிறது என்று எழுதுவது என் வேலை. சாயத்தைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பூட்டி வைப்பார்கள். உப்பு மட்டும் லாரியில் வந்து இறங்கும். பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 20, 30 கிராம் போதும். கறுப்பு, நேவி ப்ளூ, மெரூன் என்றால் 80 கிராம், சில சமயம் 100 கிராமும் ஆகும். சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. துணியில் தங்காது, போட்டது அத்தனையும் அலசுகிற தண்ணீரோடு போய்விடும். எங்கள் பட்டறையில் நாளொன்றுக்குச் சராசரி 12 மூட்டை. மூட்டைக்கு 50 கிலோ.

போவது எங்கே? நொய்யல் ஆற்றுக்குத்தான். சுண்ணாம்பு போட்டுக் கலக்கி, கசடைப் படிய வைத்து, நிறத்தை எடுத்துவிட்டுத்தான் விடுவோம். நிறம் போகும், உப்பு போகாது. யாராவது பார்க்க வந்தால் கண்ணாடி டம்ளரில் அந்தத் தெளிந்த தண்ணீரைப் பிடித்துக் காட்டுவோம். நானே காட்டியிருக்கிறேன்.

எங்கள் ஊர் அதே நொய்யலில் கீழே, ஒரத்துப்பாளையம் அணைக்கு அந்தப் பக்கம். 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய அணை, சாயத்தண்ணீர்த் தொட்டியாகிப் போனது. அப்பா மஞ்சளும் தென்னையும் வைத்திருந்தார். 2000 வாக்கில் மஞ்சள் இலையின் ஓரம் தீய்ந்த மாதிரி ஆனது. அப்புறம் தேங்காய் சிறுத்தது. அப்புறம் வீட்டில் பருப்பு வேகாமல் போனது. அம்மா பருப்பு வாங்கிய மளிகைக்கடைக்காரரைத்தான் முதலில் திட்டினார்.

2003 சித்திரையில் ஒரு நாள் அப்பா பட்டறைக்கே வந்துவிட்டார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பழைய டானிக் பாட்டிலை எடுத்து நீட்டினார். எங்கள் கிணற்றுத் தண்ணீர். "நீ படிச்சவன். இதுல என்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லு கண்ணு." லேபில் கொடுத்து, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தோம். லிட்டருக்கு 4,100 மில்லிகிராம். குடிக்கிற தண்ணீரில் 500 இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. லேப் பையன் மீட்டரைத் துடைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

வெளியே வந்து அப்பாவிடம், "நம்ம ஊர்ப் பாறை அப்படிங்கப்பா. ஆழம் போகப் போக உப்பு வரத்தான் செய்யும்" என்றேன். தலையாட்டினார். கேன்டீன் டீ ஒன்று குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. 2009-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

2011 ஜனவரிக் கடைசியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆட்களெல்லாம் ஊருக்குப் போய்விட, கணக்கை முடித்துக் கொடுக்க நான் மட்டும் பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு சாயங்காலம் சும்மா உப்புப் பத்தியை மட்டும் கூட்டிப் பார்த்தேன். 14 வருஷத்துக்கு 2,500 டன்னுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பத்து டன் லாரி என்றால் 250 லோடு. திருப்பூரில் இருந்த நூற்றுக்கணக்கான பட்டறைகளில் எங்களுடையது சின்னது. ஆனால் அந்த நோட்டில் ஒவ்வொரு வரியும் என் கையெழுத்து.

ஊருக்கு வந்தபோது 'இயற்கை விவசாயம்' என்கிற எண்ணமெல்லாம் இல்லை. கிணற்றை நம்ப முடியாது; மிச்சம் இருந்தது மழையை நம்பிய மூன்று ஏக்கர் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு. கிளுவை வேலி, நாலைந்து வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். அதில் மேய இரண்டு காங்கயம் மாடு வாங்கினேன். பக்கத்துக் காட்டுக்காரர் அக்கறையோடு உரம் போடச் சொன்னார். பொட்டாஷ், டி.ஏ.பி. எல்லாமே வேதியியல் கணக்கில் உப்புதான். அளவோடு போட்டால் கெடுதல் இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், சரியாகவும் இருக்கலாம். எனக்கு மூட்டையை அவிழ்க்கக் கை வரவில்லை. மற்றதெல்லாம் அங்கிருந்து ஒவ்வொன்றாக வந்தது.

"ஆர்கானிக் காட்டன் டி-ஷர்ட் ஒன்று பார்த்தேன். கறுப்பு நிறம், 1,800 ரூபாய். வாங்கலாமா?"
- ஒரு வாசகர், கோவை

கறுப்பா! மேலே இருக்கும் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

பருத்தி எப்படி விளைந்தது என்பதைத்தான் 'ஆர்கானிக்' என்ற சொல் சொல்கிறது. அதற்கு எப்படிச் சாயம் போட்டார்கள் என்பது வேறு கதை. சாயம் போடுவதையும் சேர்த்துப் பார்க்கிற சான்றிதழ்கள் உண்டு, ஜி.ஓ.டி.எஸ். அதில் ஒன்று, லேபிளில் தேடுங்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இப்போது திருப்பூரில் கழிவுநீரை ஆர்.ஓ.வில் விட்டு, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். பழைய கோபத்தில் நான் அதை மறைத்தால் தப்பு.

சாயமே ஏற்றாத துணி, இல்லாவிட்டால் வெளிர் நிறம். என் கையில் காசு இருந்தால் அதைத்தான் வாங்குவேன். ஆனால் 2009-ல் வாங்கிய கறுப்பு டி-ஷர்ட் ஒன்று இன்னும் என் பீரோவில் கிடக்கிறது. அதற்கான உப்பு ஏற்கெனவே எங்கள் கிணற்றில் இருக்கிறது. கிழிகிறவரைக்கும் போடப் போகிறேன்.

"சோப்புத்தூளை நிறுத்தலாம் என்றால் மனைவி சண்டைக்கு வருகிறார். உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?"
- ஒரு வாசகர், நாமக்கல்

உங்கள் வீட்டில் துவைப்பது யார்? அதை எழுதவில்லையே.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்த அன்றைக்கே துவைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நியாயம்தான். விலை குறைந்த சோப்புத்தூள் பலவற்றில் பாக்கெட்டை நிரப்புவதற்கென்றே சோடியம் சல்பேட் சேர்ப்பார்கள். பட்டறையில் 'கிளாபர் உப்பு' என்று நான் எழுதிய சரக்கும் அதேதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, துவைத்த தண்ணீரை வாழைக்கு விட மனசு வரவில்லை. பூந்திக்கொட்டைக்கு மாறினேன். பத்துப் பதினைந்து கொட்டையை உடைத்து, விதையை எடுத்துவிட்டு, இரவே ஊறப் போட்டுக் காலையில் கொதிக்க வைத்து வடிகட்டினால் ஒரு வாளித் துணிக்குப் போதும். நுரை குறைவாகத்தான் வரும், பயப்பட வேண்டாம்.

ஆனால் வெள்ளை வேட்டி ஆறே மாதத்தில் பழுப்படித்துவிட்டது. ஒரு கல்யாணத்துக்கு அதையே கட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது வெள்ளைத் துணிக்குத் தனியாகச் சோப்புக்கட்டி உண்டு, அந்தத் தண்ணீர் மட்டும் வாழைக்குப் போகாது. விடுதியில் இருக்கும் மகள் என்ன ஷாம்பு போடுகிறாள் என்று நான் கேட்பதில்லை.

"கடையில் 'ஆர்கானிக்' என்று போட்டிருப்பதை நம்பலாமா?"
- ஒரு வாசகர், திருச்சி

பாக்கெட்டில் அரசு அங்கீகரித்த ஆர்கானிக் முத்திரை இருக்கிறதா பாருங்கள். நிலத்தை ரசாயனத்திலிருந்து மாற்றிச் சான்று வாங்க, நெல் மாதிரிப் பயிர்களுக்கு இரண்டு வருஷம், தென்னை மாதிரி மரங்களுக்கு மூன்று வருஷம் ஆகும். போன மாதம் ஆரம்பித்துவிட்டு இந்த மாதம் 'சான்று பெற்ற ஆர்கானிக்' என்று விற்கிறவரிடம் நான் வாங்க மாட்டேன். என் புல்லுக்கும் பாலுக்கும் சான்று கிடையாது. பால் வாங்குகிறவர்கள் நேரே வந்து கட்டுத்தறியைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

"பல மாதம் முன்பு உங்கள் கிணற்றைப் பற்றி ஒரு வரி எழுதினீர்கள். இப்போது அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது?"
- ஒரு வாசகி, கரூர்

நொய்யல் காவிரியில் சேருவது உங்கள் மாவட்டத்தில்தான், அதனால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குடிக்க இன்னும் ஆகாது. மாடு குடிக்கிறது. மழை நன்றாகப் பெய்த வருஷம் மீட்டர் 2,000-க்குக் கீழே இறங்கும், கோடையில் மறுபடி ஏறும். தென்னையில் 11 மரம் பிழைத்துக் காய்க்கிறது. போன மார்கழியில் அம்மா எங்களிடம் சொல்லாமல் ஒரு கை துவரம்பருப்பை அந்தத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தார். வெந்தது. இரண்டு மணி நேரம் ஆனது.