விமானமா, பள்ளிக்கூடமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒரு போர் விமானத்தின் விலைக்கு இத்தனை பள்ளிகள் கட்டலாம் என்கிறார்களே, சரியான கணக்கா?

இதைப் பிரபலமாக்கியவர் தளபதியாக இருந்து அமெரிக்க அதிபரான ஐசனோவர். ஒரு கனரகக் குண்டுவீச்சு விமானத்தின் விலையில் 30க்கும் மேற்பட்ட நகரங்களுக்குத் தலா ஒரு பள்ளி கட்டலாம் என்று 1953 ஏப்ரலில் பேசினார். மனதில் தைக்கிற கணக்குதான். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்டவற்றில் எது மிகச் சிறந்ததோ, அது மட்டுமே பொருளியல் சொல்லும் வாய்ப்புச் செலவு. விமானம் வாங்காவிட்டால் அந்தப் பணம் நிஜமாகவே எங்கே போயிருக்கும்? பள்ளிக்குப் போகலாம், கடனை அடைக்கப் போகலாம். என் அனுபவத்தில், பெரும்பாலும் அதே அமைச்சகத்தின் அடுத்த ஆயுதத்துக்குத்தான் போகும். அப்படியானால் நாம் இழந்தது பள்ளியை அல்ல; குண்டு இருப்பையோ விமானிகளின் பயிற்சி நேரத்தையோதான்.

வாங்கியதோடு செலவு முடிந்துவிடுமா?

யானையை வாங்கியாயிற்று, இனி தீனி போட வேண்டாமா? அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானங்களைப் பராமரிக்க மட்டும், அவற்றின் ஆயுள் முழுவதற்கும் சுமார் 1.58 லட்சம் கோடி டாலர் ஆகும் என்பது அமெரிக்கத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2024இல் சொன்ன மதிப்பீடு. தீனியில் கைவைத்தால் என்ன ஆகும்? உதிரிபாகம் வராது. மெக்கானிக் ஒரு விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவார். கணக்கில் இரண்டு விமானம், பறப்பது ஒன்று.

கட்டாய ராணுவ சேவை மலிவுதானே?

பட்ஜெட்டில் மலிவு, அவ்வளவுதான். வெளியே நல்ல கூலிக்கு வயரிங் வேலை பார்க்க வேண்டிய இளைஞர் முகாம் வாசலில் காவல் நிற்கிறார். அவர் இழந்த கூலி எந்த அரசுக் கணக்கிலும் வராது. அவர் தலையில் விழுந்த மறைமுக வரி அது. அமெரிக்கா 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பைக் கைவிட்டதற்கு முன் இந்த வாதம் பலமாக ஒலித்தது.

ராணுவமே வேண்டாம் என்றால்?

கோஸ்டா ரிகா 1948இல் கலைத்தது. இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு அமைந்த அண்டை நாடுகள் எல்லோருக்கும் அமைவதில்லை.

சரி, ஆபத்து வரும்போது வாங்கிக்கொள்ளக் கூடாதா?

பணம் கிடைக்கும், நாள் கிடைக்காது. ஓராண்டில் உக்ரைனுக்குப் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் வாக்களித்தது. கெடு முடிந்தபோது ஏறக்குறையப் பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. அமைதிக் காலத்தில் ஆர்டர் இல்லாமல் சுருங்கிப்போன தொழிற்சாலைகள், கேட்டவுடன் பெருகிவிடவில்லை.