கைவிடப்பட்ட கட்டடங்களைப் படமெடுக்க ஆசை. தனியாகப் போகலாமா, நண்பரோடுதான் போக வேண்டுமா?

தனியாகப் போகவே வேண்டாம். துணைக்கு ஆள் வேண்டும், பயமாக இருக்கும் என்பதெல்லாம் இரண்டாவது காரணம். முதல் காரணம் கேமராவேதான்.

கேமராவில் கண்ணை வைத்ததும் சுற்றியிருக்கும் எதுவும் நமக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றால் ஜன்னல் முழுசாக விழுமே என்று கால் தானாகப் பின்னால் போகும். பின்னால் மூடியில்லாத தொட்டி இருக்கலாம், கைப்பிடி விழுந்துபோன மாடிப்படி இருக்கலாம், கதவு கழற்றப்பட்ட லிஃப்ட் குழி இருக்கலாம். நானும் என் நண்பனும் பல வருடங்களாக மூடிய ஆலைகள், பூட்டிக் கிடக்கும் பள்ளிகள், ஆளில்லாத பெரிய வீடுகள் என்று போய்க்கொண்டிருக்கிறோம். எங்களுக்குள் ஒரு கறாரான ஏற்பாடு உண்டு: ஒருவர் படமெடுக்கும்போது மற்றவர் தன் கேமராவைத் தொடக்கூடாது. தரையையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. அப்புறம் முறை மாறும். யாராவது ஒருவர் "போதும், கிளம்பலாம்" என்றால் ஏன் எதற்கு என்று கேட்காமல் இருவரும் வெளியே வந்துவிடுவோம்.

மரத்தளம் மேலே பார்க்க நன்றாகவே இருக்கும். மழை ஒழுகிய இடத்தில் அடியில் உளுத்துப் போயிருக்கும். அறையின் நடுவே நடக்காமல், உத்தரங்கள் சுவரில் உட்காரும் ஓரமாக, ஒருவர் கடந்த பிறகு மற்றவர் நடக்க வேண்டும். காங்கிரீட்டையும் நம்பிவிட முடியாது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கூரையில் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தால் அதற்கு நேர் கீழே நிற்காதீர்கள், எவ்வளவு நல்ல படம் கிடைப்பதாக இருந்தாலும் சரி.

தூசியைப் பலர் கண்டுகொள்வதில்லை. உடைந்த கூரை ஷீட்டிலும் பழைய குழாய்களைச் சுற்றிய உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்த இழைகள் கண்ணுக்குத் தெரியாது, அவை தரும் நுரையீரல் நோய் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. நுண்ணிய தூசியையும் வடிகட்டும் எஃப்எஃப்பி3 அல்லது பி100 வகை மாஸ்க் முகத்தோடு இடைவெளி இல்லாமல் படிந்திருக்க வேண்டும். புறா, வௌவால் எச்சம் காய்ந்து தூளாகிக் கிடக்கும் அறைக்கும் இதேதான். அதை மிதித்துக் கிளப்பினால் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் போன்ற நுரையீரல் தொற்று வரலாம்.

இரண்டு பேர் போயும் பயனில்லாத இடம் ஒன்று உண்டு: பாதாள அறை, வறண்ட கிணறு, மூடிக் கிடந்த தொட்டி. அங்கே ஆக்சிஜன் குறைந்திருந்தால் வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். நாங்கள் இறங்குவதே இல்லை.

அனுமதி கேளுங்கள். எவ்வளவு பாழாகக் கிடந்தாலும் அந்த இடத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார். படங்களின் பிரதி ஒன்று தருகிறோம் என்று சொல்லிக் கேட்டால் பலர் சம்மதிக்கிறார்கள். எந்தப் படி ஆடும், எந்த அறையில் தேன்கூடு இருக்கிறது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். உள்ளே கும்மிருட்டு, ஜன்னலில் கண் கூசும் வெளிச்சம். ஒரே எக்ஸ்போஷரில், அதாவது கேமரா ஒரு படத்துக்கு உள்ளே விடும் வெளிச்ச அளவில், இரண்டும் அடங்காது. முக்காலி கட்டாயம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8 வைத்து, ஷட்டர் நேரத்தை மாற்றி வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஃபிளாஷ் வேண்டாம். காற்றில் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக விழும், சுவரின் மேடுபள்ளமும் தட்டையாகிவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து நீளமான எக்ஸ்போஷர் கொடுப்பதே மேல்.

இதற்கும் இரண்டு பேர் வேண்டும். மூடிய நெசவாலை ஒன்றில் நான் உடைந்த ஜன்னல் வரிசையை எடுத்துக்கொண்டிருந்தேன். எந்திரங்களை எப்போதோ பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள், போல்ட் துளைகள் மட்டும் மிச்சம். நண்பன் என்னைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சைத் தரையோடு தரையாக அவன் வைத்ததும், எந்திரம் இருந்த ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் இரண்டிரண்டு பள்ளங்கள் தெரிந்தன. உள்ளங்கை அகலம், சிமெண்ட் வழவழவென்று தேய்ந்திருந்தது. இடது பக்கத்துப் பள்ளம் கொஞ்சம் கூடுதல் ஆழம். ஆட்கள் நின்று நின்று தேய்ந்த தடம். அவன் டார்ச்சை மெல்ல நகர்த்த, நான் 15 விநாடி எக்ஸ்போஷரில் எடுத்தேன். அதற்கு முன் எடுத்த ஜன்னல் படங்களில் ஒன்றைக்கூட நான் யாருக்கும் காட்டியதில்லை.

அதனால்தான் "பேய் பங்களா", "பேய்த் தீவு" என்ற தலைப்புகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஜப்பானின் ஹாஷிமா தீவு நிலக்கரிச் சுரங்கத்துக்காக உருவான குடியிருப்பு. 1950களின் கடைசியில் 5,000 பேருக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரிய, சீனத் தொழிலாளர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கிய இடமும் அதுதான். 1974இல் சுரங்கத்தை மூடியதும் எல்லோரும் கிளம்பினார்கள். இத்தனை மனிதர்கள் இருந்த இடத்துக்குப் பேய் எதற்கு? படமெடுக்கும் முன் அந்தக் கட்டடத்தில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று விசாரியுங்கள். எதன் பக்கம் கேமராவைத் திருப்புவது என்பதே மாறிவிடும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு, முறையாக அனுமதிக்கும் இடமே நல்லது. ஹாஷிமாவில் 2009 முதல் பார்வையாளர்களை விடுகிறார்கள், குறிப்பிட்ட பாதையில் மட்டும். நமீபியாவில் கோல்மன்ஸ்கோப் என்ற பழைய வைர நகரத்தில், வீட்டு அறைகளுக்குள்ளேயே பாலைவன மணல் ஏறிக் கிடக்கிறது. அங்கும் அனுமதிச் சீட்டு உண்டு. உங்கள் பக்கத்திலும் அப்படி ஒரு கோட்டையோ ஆலையோ கட்டாயம் இருக்கும்.

படங்களைப் பகிரும்போது முகவரி போடாதீர்கள். செம்புக் கம்பி, கதவு, ஜன்னல் திருடுபவர்களும் அதே படங்களைத்தான் பார்க்கிறார்கள். மொபைலில் எடுத்த படமென்றால் கோப்புக்குள் ஜிபிஎஸ் விவரம் பதிவாகியிருக்கக்கூடும். பதிவேற்றும் முன் அதை நீக்கிவிடுங்கள், கூட வந்த நண்பரிடமும் நீக்கச் சொல்லுங்கள்.