வயதான பெற்றோர், சின்னப் பிள்ளைகளோடு கொல்கத்தா சுற்றிப் பார்க்க முடியுமா? நெரிசலை நினைத்தால் பயமாக இருக்கிறதே!

தாராளமாக முடியும். நாங்கள் போனது டிசம்பர் லீவில். அப்பா, முழங்கால் வலியோடு அம்மா, நான், மனைவி, கூடவே இரண்டு வாண்டுகள். நீங்கள் கேள்விப்பட்ட நெரிசல் உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் ரோட்டில் இருக்கும் நெரிசல். ஆற்றிலும் மண்ணுக்கடியிலும் போய்வரப் பழகிக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. நாள் வாடகைக்குக் கார் பேசி "ஒரே நாளில் பத்து இடம்" என்று கிளம்பினால் பத்து இடத்தின் பார்க்கிங்கைத்தான் பார்ப்பீர்கள்.

அதனால் ஓட்டல் எடுக்கும்போதே எஸ்பிளனேடு பக்கம் எடுத்துவிடுங்கள். உள்ளூர்க்காரர்கள் தர்மதலா என்பார்கள். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984இல் கிளம்பியது இங்கிருந்துதான். வடக்கு தெற்காக ஓடும் நீலப் பாதையும் கிழக்கு மேற்காக ஓடும் பச்சைப் பாதையும் இங்கே சந்திக்கின்றன. தட்சிணேஸ்வரம், காளிகாட் கோயில்களுக்கோ ஹவுரா, சியால்டா ரயில் நிலையங்களுக்கோ வண்டி மாறி அலைய வேண்டாம். லிஃப்ட், எஸ்கலேட்டர் இருக்கிறது. ஆபீஸ் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

எஸ்பிளனேடிலிருந்து ஹவுரா போகும் மெட்ரோ ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகிறது. 2024 மார்ச்சில் திறந்தார்கள். ஆற்றுக்கு அடியில் சுமார் 520 மீட்டர் தூரம், முக்கால் நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த இடத்தில் சுரங்கச் சுவரில் நீல விளக்கு போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்த, அம்மா மட்டும் "தண்ணி எங்கடா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். மீன் தெரியும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்!

திரும்பும்போது மெட்ரோ வேண்டாம், ஹவுரா படித்துறையிலிருந்து ஃபெர்ரி பிடியுங்கள். சில ரூபாய் டிக்கெட்தான். படகு மேடை லேசாக ஆடும், பெரியவர்களைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டால் போதும். ஹவுரா பாலத்தைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. 1943இல் திறந்த பாலம், நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே கட்டியது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை என்று சொன்னதும் பெரியவன் நம்பாமல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தேடிக்கொண்டே வந்தான்.

பாலத்தின் கொல்கத்தா பக்க முனைக்குக் கீழே மல்லிக் காட் பூச்சந்தை. நான் பார்த்த கொல்கத்தாவில் எனக்கு முதலிடம் அதற்குத்தான். விடிந்தும் விடியாமலும் போய்விட வேண்டும். செண்டுமல்லிச் சரத்தைப் பெரிய சுருணையாகச் சுற்றித் தோளிலும் தலையிலும் போட்டுக்கொண்டு ஆட்கள் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். ஒதுங்காவிட்டால் இடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள், கோபமெல்லாம் கிடையாது. கீழே நசுங்கிய பூவும் சேறும் கலந்து வழுக்கும். அதனால் அம்மாவை ஓரமாக ஒரு கடையருகே நிற்க வைத்தோம். காளிக்குச் சாத்தும் செம்பருத்தி மொட்டு மாலை அங்கே குவிந்து கிடந்தது. "நம்ம வீட்ல இதை எண்ணெயில போட்டுக் காய்ச்சுவோம், இங்க மாலையா கட்றான் பாரு" என்று அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். படிக்கட்டுக்குக் கீழே ஆற்றில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

தட்சிணேஸ்வரத்துக்கும், ராமகிருஷ்ண மிஷனின் தலைமையகமான பேலூர் மடத்துக்கும் ஒரு நாளை ஒதுக்குங்கள். தட்சிணேஸ்வரம், ராணி ராஸ்மணி 1855இல் கட்டிய காளி கோயில். பூசாரியாக இருந்த ராமகிருஷ்ணர் தங்கிய அறை அங்கேயே இருக்கிறது. காலையில் மெட்ரோவில் தட்சிணேஸ்வரம், பிறகு அங்கிருந்து படகில் பேலூர் என்று வைத்துக்கொள்ளலாம். நடுப்பகலில் இரண்டு இடமும் மூடிவிடும் என்பதால் சீக்கிரம் கிளம்புங்கள், இல்லாவிட்டால் வெயிலில் காத்திருக்க நேரும். காளிகாட் போவதானால் செவ்வாய், சனி வேண்டாம், கூட்டம் தாங்காது.

மதிய நேரத்துக்கு மியூசியம். திங்கட்கிழமை இந்தியன் மியூசியமும் விக்டோரியா நினைவகத்தின் காட்சிக்கூடமும் விடுமுறை. 1814இல் தொடங்கிய இந்தியன் மியூசியத்தில் பிள்ளைகளுக்கு எகிப்து மம்மி போதும். அப்பா பர்ஹுத் என்ற பழைய பௌத்த ஸ்தூபத்தின் சிவப்புக் கல் வேலிகளை விட்டு நகரவே இல்லை, கி.மு. 2ஆம் நூற்றாண்டுச் சிற்பம் அது. விக்டோரியாவை வெளியே தோட்டத்தில் உட்கார்ந்து பார்த்தாலே போதும் என்பது என் கட்சி. தாஜ்மகாலுக்குப் போன அதே மக்ரானா பளிங்குதான், ஆனால் உள்ளே வரிசையில் நின்ற களைப்புக்கு ஈடாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மனைவி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மஞ்சள் அம்பாசடர் டாக்சி கண்ணில் பட்டால் குட்டி தூரத்துக்காவது ஏறிவிடுங்கள். அந்தக் கார் உற்பத்தியே 2014இல் நின்றுபோனது, இருக்கிற டாக்சிகளும் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன. டிராமும் அப்படித்தான், வந்தால் எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சைவம் என்றால் காலையில் கச்சோரி, இல்லாவிட்டால் லுச்சி ஆலுதம், அதாவது மைதா பூரியும் உருளைக்கிழங்கு மசாலாவும். மதியம் மோச்சார் கொண்டோ கேளுங்கள், நம் வாழைப்பூதான், உருளைக்கிழங்கும் கரம்மசாலாவும் சேர்த்துச் செய்வார்கள். சில வீடுகளில், கடைகளில் இறால் போடுவதும் உண்டு, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். குளிர்காலமென்றால் நொலென் குட், அதாவது புதுப் பனைவெல்லம் மாதிரியான ஈச்சவெல்லம் போட்ட சந்தேஷும் ரசகுல்லாவும் கட்டாயம். இரண்டாம் நாளே "கொஞ்சம் தயிர்சாதம் கிடைக்குமா?" என்று அப்பா ஆரம்பித்தால் லேக் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போங்கள். தமிழ்க் குடும்பங்கள் பல காலமாக இருக்கும் பகுதி அது, இட்லி, தோசை, ஃபில்டர் காபி எல்லாம் கிடைக்கும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். துர்கா பூஜை சமயத்தில் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கைக்குழந்தையோ முட்டி வலியோ இருந்தால் ராத்திரிப் பந்தல் சுற்றுவதை மறந்துவிடுங்கள். அதற்குப் பதில் பூஜைக்குச் சில வாரம் முன்பே போய்க் குமார்டுலியில் களிமண் துர்க்கை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மழை பெய்துகொண்டிருக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.