சுண்டக்கஞ்சிக்கு லைசென்ஸ் கிடைக்குமா?

கேள்வி: நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு டிரஸ்ட் பதிவு செய்திருக்கிறோம். வடசென்னையின் சாப்பாட்டையும் குடியையும் காட்டும் சின்ன அருங்காட்சியகம் ஒன்று வைக்க ஆசை. அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ், காசிமேட்டுக் கருவாடு, கள்ளு மொந்தை, சோற்றைப் புளிக்க வைத்து எடுக்கும் நாட்டு மதுவான சுண்டக்கஞ்சிப் பானை எல்லாம் இருக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு மடக்கு ருசி காட்டலாமா? கலிபோர்னியாவில் இருக்கும் என் மச்சான், 'அங்கே லாபநோக்கமில்லாத மியூசியத்தில் ஒயினே ஊற்றிக் கொடுத்தார்கள்' என்கிறான். நாங்களும் காசு பார்க்க இதைச் செய்யவில்லையே?
ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முடியாது சார். இதைச் சொல்ல எனக்கே வருத்தம்தான். தண்டையார்பேட்டையில் பிறந்து, மதுவிலக்குத் துறையில் முப்பத்தோரு வருஷம் கோப்பு தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சுண்டக்கஞ்சியை என் அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிடித்துக்கொண்டு வந்த பானை ஒன்றை, வாயில் துணி கட்டி, அரக்கு முத்திரையும் போட்டு, என் மேஜைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் வைத்துவிட்டார்கள். காலையில் வந்து பார்த்தால், துணியைத் தூக்கிக்கொண்டு வெள்ளையாக நுரை வழிந்து, கீழ்த்தட்டில் இருந்த பத்துப் பன்னிரண்டு கோப்புகள் அப்பளம் மாதிரி ஒட்டிக்கிடந்தன. பழைய சோறு புளித்த அந்த வாடை ஒரு வாரம் போகவில்லை. பானைக்குள் இருப்பது உயிருள்ள சமாச்சாரம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சட்டத்துக்கு வருவோம். நம் ஊருக்கு 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கி வைத்தது. 1971-ல் கலைஞர் தளர்த்தினார், 1974-ல் மறுபடி மூடினார், அப்புறம் எத்தனையோ நடந்துவிட்டது. திருத்தங்களோடு சட்டம் மட்டும் இன்னும் நிற்கிறது. அதன்படி கள், சாராயம், ஒயின், பீர் எல்லாம் மது. ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் மது. போதை ஏறுமா ஏறாதா, விற்றீர்களா சும்மா கொடுத்தீர்களா என்பதெல்லாம் அப்புறம். லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுவதும் ஊறவைப்பதும் முதலிலேயே குற்றம். கள்ளுக்கு 1987-லிருந்து தடை. சுண்டக்கஞ்சிக்கு லைசென்ஸ் என்ற தலைப்பில் ஒரு படிவத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

சரி, கடையில் வாங்கி ஊற்றலாமா? அதற்கும் வழியில்லை. 1983-ல் வந்த டாஸ்மாக்கின் கையில் மொத்த வியாபாரம்; 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதனிடமே. மற்றபடி நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்.எல். 3 என்ற லைசென்ஸ், கிளப்புக்கு எஃப்.எல். 2. 'லாபநோக்கம் இல்லை' என்ற உங்கள் வாதத்துக்குக் கொஞ்சம் மரியாதை இருப்பது இந்த இரண்டாவதில்தான். தனி முதலாளி இல்லாமல் உறுப்பினர்களே நடத்தும் கிளப் என்றால் கேட்கலாம். ஆனால் அது உறுப்பினர்களுக்கும் அவர்கள் அழைத்து வரும் விருந்தினருக்கும்தான். பத்து ரூபாய் டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர் உறுப்பினர் ஆகிவிட மாட்டார். 'டிக்கெட்டையே உறுப்பினர் அட்டை ஆக்கிவிடலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரு கிளப்பின் பதிவேட்டில் நாற்பது கையெழுத்து ஒரே சாய்வில், ஒரே பச்சை மையில் இருந்ததைப் புரட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்.

2023-ல் எஃப்.எல். 12 என்று விழாக்களுக்கான தனி அனுமதி ஒன்று வந்தது. முதலில் கல்யாண மண்டபத்தையும் சேர்த்து அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அதை எடுத்துவிட்டார்கள். அது பெரிய மாநாடு, பெரிய விளையாட்டுப் போட்டிகளுக்கானது. தினம் திறந்திருக்கும் உங்கள் சின்ன அருங்காட்சியகத்துக்குப் பொருந்தாது.

மச்சான் சொன்னது பொய்யில்லை. கலிபோர்னியாவின் நாபா ஊரில் 'கோப்பியா' என்று ஒயினுக்கும் உணவுக்கும் கலைக்குமாக ஒரு லாபநோக்கமற்ற மையம் 2001-ல் திறந்தார்கள். ஒயின் முதலாளி ராபர்ட் மொண்டாவி முன்னின்று நிதி கொடுத்தார். அமெரிக்காவில் 1933-ல் மதுவிலக்கை நீக்கியபோது, விதிகளை அந்தந்த மாநிலத்திடம் விட்டுவிட்டார்கள். மது தயாரிப்பவர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி மூவரும் ஒருவர் மடியில் ஒருவர் உட்காரக் கூடாது என்பது அங்கே பொதுவான கொள்கை. ஒயின் ஆலைக்காரர் பணம் கொடுத்த கட்டடத்திலேயே ஒயினை ஊற்றிக் கொடுத்தால் அந்தக் கோடு அழிகிறது பாருங்கள். அதனால்தான் இப்படிப்பட்ட இடத்துக்கு அங்கே தனி விதி தேவைப்படுகிறது. அங்கே கவலை யார் கை யார் பையில் இருக்கிறது என்பது. நம் ஊரில் கவலை குவளைக்குள் என்ன இருக்கிறது என்பது. அவர்கள் விதியை இங்கே பெயர்த்து நட முடியாது. (அந்த மையமும் கடனில் மூழ்கி 2008-ல் மூடப்பட்டது. உங்கள் பொருளாளரிடம் சொல்லி வையுங்கள்.)

ஆனால் காட்டுவதற்குத் தடையில்லை. காலிப் பானை, மொந்தை, பாளை சீவும் அரிவாள், பழைய லேபிள்கள் எல்லாம் வையுங்கள். பாட்டில் நிரம்பித் தெரிய வேண்டுமென்றால் டீ டிக்காஷனை ஊற்றி வையுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் விஸ்கியேதான். ருசிக்குப் பதநீர் கொடுங்கள். பானையில் சுண்ணாம்பு தடவி இறக்கினால்தான் அது பதநீர், சுண்ணாம்பு குறைந்தால் கள்ளாக மாறத் தொடங்கிவிடும். அதனால் இறக்குகிறவரை நேரில் பார்த்து, காலையிலேயே வாங்கிக் காலையிலேயே தீர்த்துவிடுங்கள். அத்தோவுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், அது சுலபம். திறக்கும் நாளில் எனக்கு ஒரு தட்டு எடுத்து வையுங்கள், பேஜோவும் சேர்த்து.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஆயா ஜாடியில் திராட்சை ஒயின் போடுவார். அக்கம்பக்கத்தில் கொடுத்தால் தப்பா?
ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: கொடுப்பது கிடக்கட்டும்மா, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைப்பதே தப்பு. சர்ச்சில் பூசைக்கு வைக்கும் ஒயினுக்குத் தனி விதி இருக்கிறது, ஆயாவின் ஜாடிக்கு இல்லை. இஞ்சி ஒயினாகப் போடச் சொல்லுங்கள். இஞ்சி, பட்டை, கிராம்பு, கருக்கிய சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ஒரு கொதி. புளிக்க விடாமல் அன்றைக்கே வடிகட்டிப் பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் அது வெறும் சர்பத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் தைரியமாகக் கொடுக்கலாம்.