கம்பியைத் தொடாத பசு ஏன் செத்தது?

கேள்வி: மழைக்காற்றில் 11 கேவி (11,000 வோல்ட்) லைன் அறுந்து, அதன் நுனி எங்கள் வயலில் கிடந்தது. ஒரு மீட்டர் தள்ளி, கம்பியைப் பார்த்தபடி நின்ற பசு செத்துவிட்டது. அதே அளவு கிட்டத்தில் குறுக்காக நின்ற இன்னொரு பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி?

பதில்: இரண்டுமே கம்பியைத் தொடவில்லை. பசுவைக் கொன்றது தரை.

நுனி மண்ணைத் தொட்ட இடத்திலிருந்து மின்னோட்டம் எல்லாப் பக்கமும் பரவி இறங்குகிறது. பிளஸ் டூ பாடத்தில் வரும் புள்ளி மின்துகளின் கணக்குதான் இங்கேயும்: மின்னழுத்தம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும், மின்புலம் (அந்த அழுத்தம் மீட்டருக்கு எவ்வளவு மாறுகிறது என்பது) தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். மண்ணின் மின்தடை எண் (மின்னோட்டத்தை மண் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 100 ஓம் மீட்டர், இறங்குவது 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டரில் சுமார் 160 வோல்ட், இரண்டரை மீட்டரில் 64.

முன்னங்கால் ஒரு மீட்டரிலும் பின்னங்கால் இரண்டரை மீட்டரிலும் இருந்தால் பசுவின் உடலுக்குக் குறுக்கே 96 வோல்ட். அதனால் மின்னோட்டம் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே, இதயத்தின் வழியாகவே பாய்கிறது. பத்து மீட்டர் தள்ளி அதே பசு அதே மாதிரி நின்றிருந்தால் இரண்டு வோல்ட்தான்.

குறுக்கே நின்ற பசுவின் முன்னங்கால், பின்னங்கால் எல்லாம் நுனியிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். அதாவது ஒரே மின்னழுத்தம். 160 வோல்ட் தரையில் நின்றாலும் கால்களுக்கிடையே வித்தியாசம் இல்லையென்றால் ஓட்டம் இல்லை. கொல்வது வோல்ட்டின் அளவு அல்ல, வித்தியாசம்தான். (பரீட்சையில் மின்னழுத்தத்தையும் மின்புலத்தையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்தப் பசுக்களைத்தான் சொல்வேன்.)

மனிதருக்கு ஓட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். இதயம் பெரும்பாலும் தப்பும். ஆனால் தசை இழுத்து விழுந்து கையை ஊன்றினால் பசுவின் கதைதான். ஆகவே அகலமாகக் கால் வைத்து ஓடவே கூடாது. கிட்டத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல் சிறிது சிறிதாகத் தேய்த்தபடி பத்து மீட்டருக்கு அப்பால் நகருங்கள். செருப்பை நம்ப வேண்டாம், ஈர மண்ணில் அது பேருக்குத்தான். மாட்டை அவிழ்க்கவும் போகாதீர்கள்.

காய்ந்த மண்ணில் ஓட்டம் குறைவாக இருந்தால் ஃபீடர் (சப் ஸ்டேஷனிலிருந்து வரும் அந்த லைன்) டிரிப் ஆகாமலே, அதாவது தானாக நின்றுபோகாமலே கிடக்கும். டிரிப் ஆனாலும் சப் ஸ்டேஷனில் மறுபடி லைனைப் போட்டுப் பார்ப்பார்கள். பொறி வரவில்லை, சத்தம் இல்லை என்று கிட்டே போகாமல், மின்வாரியத்தின் மின்னகம் (புகார் மையம்) எண்ணுக்குச் சொல்லிவிட்டு, லைன்மேன் வந்து லைனை நிறுத்தி எர்த் போடும்வரை (கம்பியைத் தரையோடு இணைக்கும்வரை) யாரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.