கறுப்பு, மாநிறம், வெளுப்பு: ஒரே மேடைக்கு ஒளியும் உடையும்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். மாணவியரில் தமிழர், சீனர், மலாய்க்காரர் என எல்லோரும் உண்டு. வாடகை மண்டபத்தில் ஒத்திகை பார்த்தபோது கறுத்த பிள்ளைகளின் முகம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. வெளுத்த பிள்ளைகளுக்குக் கண் மூக்கே தெரியவில்லை. கறுத்த பிள்ளைகளுக்கு வெளுப்பான பூச்சு போடலாம் என்கிறார் ஒப்பனைக்காரர். போடலாமா? உடையை என்ன நிறத்தில் எடுப்பது?

பதில்: போடாதீர்கள். வெளுப்பான பூச்சுகளில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி கலந்திருக்கும். கறுத்த தோலில் அது படிந்தால் சாம்பல் இன்னும் கூடும். முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் வேறு நிறம் என்று அந்தப் பிள்ளையை ஏன் சபையில் நிறுத்த வேண்டும்? அவள் தோலுக்கு ஒத்த பூச்சையே போடுங்கள். பழுது விளக்கில் இருக்கிறது.

வாடகை மண்டபங்களில் பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீலம் மட்டுமே கொண்ட எல்.இ.டி. விளக்குகள்தான் தொங்குகின்றன. மூன்றையும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். ஆனால் மஞ்சளும் ஆரஞ்சும் சேரும் 580–600 நானோமீட்டர் அலைநீளப் பகுதி அந்த வெள்ளையில் மிகக் குறைவு. கறுத்த தோல் நீல ஒளியைப் பெரிதும் விழுங்கிவிடும்; அது திருப்பித் தருவதில் பெரும்பங்கு மஞ்சளிலிருந்து சிவப்பு வரையிலான ஒளிதான். அதில் ஒரு பாதி விளக்கிலேயே இல்லாதபோது முகம் களையிழக்கிறது. ஆகவே இந்த மூன்றோடு ஆம்பர் (மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம்) சேர்ந்த எல்.இ.டி. கேட்டு வாங்குங்கள். மஞ்சள் சாயலில் எரியும் பழைய 3200 கெல்வின் டங்ஸ்டன் இழை விளக்குகள் கிடைத்தால் முகத்துக்கு அவற்றையே வையுங்கள். அவற்றின் முன்னால் ‘லீ’ நிறுவனத்தின் 154 பேல் ரோஸ் (வெளிர் ரோஜா) ஜெல் என்ற நிறத் தாளைப் போட்டால் எல்லா நிறத் தோலுக்கும் பொருந்தும். மூன்று நிற எல்.இ.டி.யின் முன்னால் ஜெல் ஒட்டிப் பயனில்லை. ஜெல் வடிகட்டுமே தவிர, இல்லாத ஒளியைச் சேர்க்காது.

அடுத்தது ஒளி வரும் திசை. இதைத்தான் நம் மேடைகளில் பலரும் கவனிப்பதில்லை. கறுத்த முகம் தெரியவில்லை என்றவுடன் முன் விளக்கை ஏற்றுகிறார்கள். வெளுத்த முகங்கள் வெந்துபோகின்றன, கறுத்த முகங்கள் தட்டையாகின்றன. கறுத்த தோலின் அழகு அதன் மினுக்கத்தில் இருக்கிறது. பக்கத்திலிருந்து ஒளி விழுந்தால் கன்னமும் தோளும் முழங்கையும் உருண்டு திரண்டு தெரியும். மேடையின் இரு பக்கமும் தலை உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் விளக்கு நிறுத்துங்கள். பின்னாலிருந்து ஒன்று விழட்டும். கறுப்புத் திரையிலிருந்து கூந்தல் பிரிந்து நிற்கும். முன் விளக்கு அபிநயத்தில் கண்கள் தெரியும் அளவுக்கு இருந்தால் போதும். குழுவிலேயே மிகக் கறுத்த பிள்ளையை நடுவில் நிறுத்தி முதலில் அவளுக்கு ஒளி அமையுங்கள். பிறகு வெளுத்த பிள்ளைகளுக்காக முன் ஒளியை மட்டும் தணித்துவிடுங்கள். பின்னால் வெள்ளைத் திரை இருந்தால் அதன் ஒளியைக் குறைத்துவிடுங்கள். அது பளிச்சென்று எரிந்தால் முன்னால் நிற்பவர்கள் நிழலுருவாகிவிடுவார்கள்.

உடைக்கு அரக்கு, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, மயில் நீலம் ஆகியவை எல்லாத் தோலுக்கும் எடுப்பாக இருக்கும். சந்தன நிறம் வெளுத்த தோலோடும், பாக்கு நிறம் கறுத்த தோலோடும் கலந்துவிடும், இரண்டையும் தவிருங்கள். தூய வெள்ளை வேண்டாம், தந்த நிறம் நல்லது. மயில்கழுத்துப் பட்டில் ஊடும் பாவும் வெவ்வேறு நிறம் என்பதால், ஒரே அடர் நிற ஒளியில் ஓர் இழை கறுத்துவிடும். பச்சைப் பட்டின் மேல் சிவப்பு ஒளி பட்டாலும் அதே கதிதான். ஜாலான் மஸ்ஜிட் இந்தியா கடையின் குழல் விளக்கில் பார்த்து மொத்தமாக எடுக்காதீர்கள். அரை மீட்டர் வாங்கி, மண்டப விளக்கில் ஒரு மாணவியின் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

படம் எடுப்பவரிடமும் பேசிவிடுங்கள். கேமராவைத் தானியங்கியில் விட்டால் முகம் காட்சிக்குக் காட்சி நிறம் மாறும். வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) முக விளக்குக்கு ஏற்ப ஒரே அளவில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.